ஐந்து மூட்டை அரிசி எடையில் ஒரு டிரைவர்

நவம்பர் 3, திங்கள்

ஏ.சி. போடாமல் தூங்கி எழுந்த முதல் காலை. ஜன்னலைத் திறந்தால் எங்கள் துபாய் கராமா முழுக்கச் சாம்பார் வாசனை. குளிர்காலம் வந்தாச்சு என்று இவர் அறிவித்துவிட்டார். இருபத்தேழு டிகிரிக்கு ஸ்வெட்டர் தேடுகிறார்!

பெட்டி வந்துவிட்டது. ஏழு வாரம் கப்பலில் வந்த பெட்டி. ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்டதும் கராஜ் மாடி ஆபீஸிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். கொட்டேஷன் போடும் மேடத்துக்குக் கீழே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைதான்.

உள்ளே இருந்தவை (டிக் போட்டது நான்):
– புது சேஸிஸ், வண்டியின் அடிச்சட்டம். கறுப்பு. விரல் பட்டால் ரேகை விழுகிறது.
– முன் சக்கரங்களுக்கு மேல் ஆர்ம், கீழ் ஆர்ம். அலுமினியம். தூக்கினால் கனமே இல்லை.
– காயில் ஓவர் நாலு. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங், ஷாக்கின் உடம்பில் மரை. வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். ஐயோ, எத்தனை வருஷமாச்சு இதைத் தொட்டு.
– புது ஸ்டியரிங் ராக்.
– நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்.
– போல்ட் பை ஒன்று குறைவு. மெயில் அனுப்ப.

எல்லாம் ‘பச்சை’க்கு. அறுபத்தொன்பது மாடல் அமெரிக்க வண்டி, இரண்டே கதவு, பேனட்டுக்குக் கீழே எட்டு சிலிண்டர். எஞ்சின் சிங்கம் மாதிரி. அடியில் இருப்பதெல்லாம் ஓட்டை உடைசல். நேராகப் போ என்றால் யோசித்துவிட்டுப் போகும். பழைய உடம்பைக் கழற்றிப் புது சேஸிஸ் மேல் உட்கார வைப்பதுதான் வேலை. சேஸிஸ் மாற்ற அனுமதிக் கடிதமும் வந்தாயிற்று.

அடக்க முடியாமல் இன்று கேட்டேவிட்டேன், ஜமால் பாயிடம் (இனி ஜ.பா.). கராஜ் அவருடையது. கீழக்கரைக்காரர், இருபது வருஷம் தேராவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். திட்டினாலும் மரியாதையாகத் திட்டுவார்.

“பாய், இந்த வண்டிய நான் பாக்குறேன். அளவு, செட்டிங் எல்லாம்.”

“கீழ எண்ணெயும் கிரீஸுமாக் கெடக்கும்மா.”

“ஓசூர்ல நாலு வருஷம் அதுலதான் பாய் குளிச்சேன். சஸ்பென்ஷன் டெஸ்டிங்.”

தாடியைச் சொறிந்தார். “சரி. ஸ்டியரிங்ல கைய விட்டாலும் வண்டி நேரா ஓடுச்சுன்னா நீங்க கீழயே இருந்துக்கிடுங்க. ஓடலன்னா மேல போயி கொட்டேஷன் போடணும். மொகத்தத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

ஒன்பது வருஷம். கல்யாணம், துபாய், நிலா, டிபன் பாக்ஸ். மூன்று மாதமாக மாடியில் பிரிண்டர். இனி ஒரு வண்டி! நிலா ஸ்கூல் பையை எறிந்துவிட்டுக் கேட்டது: “அம்மா, வொய் ஆர் யூ ஸோ ஹாப்பி? இட்ஸ் ஜஸ்ட் மண்டே.”

நவம்பர் 6, வியாழன்

உடம்பைப் பிரித்தோம். மொத்தம் பத்து போல்ட். ஏழு வந்தது, மூன்றை வெட்ட வேண்டியதாயிற்று. பச்சை அந்தரத்தில் தொங்குகிறது, கீழே பழைய சேஸிஸ். குனிந்து பார்த்தால் மாவு மாதிரி துரு உதிர்கிறது. கூடவே நிஜமான பாலைவன மணல், இரண்டு முறம் தேறும்.

செல்லதுரை அண்ணன் (செ.து.) எங்கள் வெல்டர். புதுக்கோட்டைப் பக்கம். கை சுத்தம், வாய் மட்டும் ஓயாது. சேஸிஸைத் தட்டிப் பார்த்தார். “ஏங்க மேடம், இத வச்சுக்கிட்டா நூறுல ஓட்டுனாக? நம்மூரு மாட்டு வண்டி தேவலைங்க.”

ஓனர் வந்தார். அபூ ஹமத். ஆறடிக்கு மேல், தோளும் தொப்பையுமாக ஆஜானுபாகு. ருவைஸில் எண்ணெய் பிளான்ட் வேலை, ரிட்டயர் ஆகிவிட்டார். பேச்சு குறைவு. புது சேஸிஸை இரண்டு சுற்று சுற்றினார், மாஷா அல்லாஹ் என்றார். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று: “டிரைவர் மஸ்ட் பி ஹேப்பி. யல்லா.”

கட்டாயம் ஹேப்பி ஆக்குகிறேன் சார்.

வெளியே அவருடைய வெள்ளை எஸ்.யூ.வி. பக்கத்து சீட்டில் அவர் மனைவி, கண்ணாடி ஏற்றியபடி. எப்போதும் இப்படித்தான், உள்ளே வருவதில்லை. பாவம், வெயிலில் உட்கார வைத்துவிட்டாரே என்று ஒரு கரக் சாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி இறங்கியது, கை வந்தது, “ஷுக்ரன்”, கண்ணாடி ஏறியது.

பால் வாங்கவில்லை. இவர் கோபம்.

நவம்பர் 15, சனி

உடம்பு இறங்கியது! காலை முழுக்க மில்லி மில்லியாக. செயின் பிளாக்கில் செ.து., நான் தரையில் படுத்துக்கொண்டு “இன்னும், இன்னும், நிறுத்துங்க” என்று கத்தல். எட்டு போல்ட் ஓட்டையில் பொருந்தியது. பின்னால் இரண்டு மட்டும் ஆறு மில்லி தள்ளி.

“அடிச்சு உள்ள எறக்கிருவோம் மேடம்.”

“அண்ணே, தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுருவேன்.”

டேப் பிடித்துக் குறுக்களவு எடுத்தேன். சேஸிஸில் தப்பில்லை. உடம்பு எப்போதோ பின்னால் இடி வாங்கியிருக்கிறது, யாரோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு பிராக்கெட்டையும் புதிதாக வரைந்து கொடுத்தேன். செ.து. வெட்டி, வெல்ட் வைத்து, மூன்று மணிக்கு போல்ட் விரலாலேயே இறங்கிற்று. விரலாலேயே! செ.து. நான் வரைந்த பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சீட் இப்போதே வெல்ட் வைக்க வேண்டும், பிரேக் பைப் அதன் அடியில் போகிறது. தள்ளும் ரெயில் வேண்டாம், நேராகப் பற்றவைத்தால் உறுதி என்று ஜ.பா. எவ்வளவு பின்னால்? “ஆளப் பாத்தாத் தெரியலியா? நல்லாப் பின்னாடி தள்ளு.” தள்ளினோம். அபூ ஹமத்துக்குத் தாராளம்.

தலையில் கிரீஸ். நிலா முகர்ந்துவிட்டு, “யூ ஸ்மெல் லைக் அ பெட்ரோல் பங்க்.” இவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தலைமுடியைத் துடைத்துவிட்டார். கேட்காமலே. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பால் சண்டையை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்றைக்கு நான் ராணி.

சஸ்பென்ஷன் முடிந்தது, ஸ்டியரிங் முடிந்தது, பிரேக்கில் காற்று எடுத்தாயிற்று. இன்று எடை செட்டிங். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு. இடது முன்னும் வலது பின்னும் சேர்த்தால் மொத்தத்தில் சரி பாதி வர வேண்டும். வராவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். காயில் ஓவர் வளையத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகித் திருகிக் கொண்டுவர வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கிட்டே வரக்கூடாது. (எனக்குப் பொறுமை இல்லை. இதற்கு மட்டும் எங்கிருந்தோ வருகிறது.)

டிரைவர் உட்கார்ந்த மாதிரி எடை வைத்துத்தான் செய்யணும். மனுஷனை உட்கார வைத்தால் அசைவான். அதனால் மெஸ் அரிசி. மேலே ரூமில் எல்லோரும் சேர்ந்து வாங்கி வைத்திருந்த இருபது கிலோ மூட்டை ஐந்து. சீட்டில் நாலு, கால் வைக்கும் இடத்தில் ஒன்று. அது போக பெயின்ட் டப்பா இரண்டு. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அபூ ஹமத் ரெடி. செ.து. மேல் மூட்டைக்கு ஒரு தொப்பியும் மாட்டிவிட்டார்.

“இன்னைக்கு மதியத்துக்கு ஒல வைக்கணும் மேடம், சீக்கிரம்.”

“டிரைவரைச் சமைக்கக் கூடாது அண்ணே.”

நாலரை மணி நேரம். 52.6. 51.4. 49.2, ரொம்பப் போயிட்டேன். 50.3. கடைசியில் 50.1! கத்திவிட்டேன். பெயின்டர் கான் பாய் தூக்கத்திலிருந்து எழுந்து “க்யா ஹுவா?” என்று ஓடி வந்தார். ஜ.பா. தராசு நம்பரை போனில் படம் பிடித்துக்கொண்டார். அதுவே அவருடைய பாராட்டு.

எல்லோருக்கும் மதியம் குப்பூஸ் ரொட்டிதான்.

நவம்பர் 27, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

டெலிவரி நாள். பச்சை துடைத்துப் பளபள. அபூ ஹமத் வந்தார், சாவியை வாங்கினார். டிரைவர் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கக் கதவைத் திறந்து (இங்கே டிரைவர் இடது பக்கம்) உட்கார்ந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். எஸ்.யூ.வி. கதவு திறந்தது. அவர் மனைவி இறங்கினார். உம் ஹமத், ஹமத்தின் அம்மா. கறுப்பு அபாயா, அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ.

நேராக வந்து டிரைவர் சீட்டில் ஏறினார்.

ஐந்தடி இருப்பாரா? கால் கிளட்சுக்கு எட்டவில்லை. ஒரு சாண் குறை. சீட்டைத் தள்ளப் பார்த்தார், ரெயில் எங்கே இருக்கிறது தள்ள? என் ஆபீஸ் நாற்காலி மெத்தையை முதுகுக்கு வைத்து, சீட் நுனியில் உட்கார்ந்து, பின் சந்தில் ஒரு சுற்று ஓட்டினார். பார்க்கும்போதே தெரிந்தது, இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஒரு விரல். ஏற வேண்டிய எடையில் பாதிதான் ஏறியிருக்கிறது. பிரேக் பிடித்தார். மூக்கு வலது பக்கம் வெட்டிற்று.

இறங்கினார். நேராகப் போய் எஸ்.யூ.வி.யில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அபூ ஹமத்தான்: நேஷனல் டேக்கு முன்னால் வேண்டும், டிசம்பர் ஒன்று கடைசி, முடியாது என்றால் வேறு கராஜ், கலாஸ்.

ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். ‘டிரைவர்’ என்ற இடத்தில் அபூ ஹமத் பெயர், என் கையெழுத்தில். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) நகலில் ஓனர் பெயரைப் பார்த்து நானே எழுதியது. யாரும் சொல்லித்தரவில்லை. ஆறடி ஆம்பளை, அவர் பெயரில் வண்டி, அப்போ அவர்தான் ஓட்டுவார். ஒரு பெண்ணைப் பார்த்தால் பக்கத்து சீட்டுதான் எனக்கும் தோன்றியிருக்கிறது. மாடியில் உட்கார வைத்துவிட்டார்களே என்று மூன்று மாதம் பொருமியவள் நான்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்.

ஜ.பா. குரல் உயர்த்தவில்லை. “மேல போங்க சுபாம்மா.”

போனேன். பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அப்புறம் மூன்று கொட்டேஷன் போட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

இட்லி மாவு புளித்துவிட்டது. நானும்.

காலையில் கீழே ஜ.பா.வும் செ.து.வும் பேசுவது படிக்கட்டில் கேட்டது.

“அந்தம்மா எத்தன கிலோ இருப்பாக பாய்?”

“அத எப்படிக் கேக்குறது? நம்ம போயி கேட்டா மரியாதையா இருக்குமா?”

“கண்ணளவா ஒரு அம்பது போடுவமா? ரெண்டரை மூட்ட.”

நாலு படி இறங்கியிருப்பேன், எனக்கே தெரியாது. “கண்ணளவு பார்த்துதான் பாய் இங்க வந்து நிக்கிறோம். அவங்க எடைய நீங்க கேப்பீங்களா? அண்ணன் அளப்பாரா? காலுக்கு டேப் யாரு பிடிக்கிறது?”

ஜ.பா. தாடிக்குள் விரலை விட்டார், எடுத்தார். “போன் போடுங்க.”

ஃபைலில் அபூ ஹமத் நம்பர்தான். விஷயத்தைச் சொன்னேன். போன் கை மாறியது. உம் ஹமத் ஹிந்தியில் பேசினார். என் ஹிந்தியைவிட ஆயிரம் மடங்கு நல்ல ஹிந்தி. தப்பு என்னுடையது, யார் ஓட்டுவது என்று நான் கேட்கவில்லை என்று முதலில் சொல்லிவிட்டேன். பிறகு உங்கள் எடை வேண்டும், கால் நீளம் வேண்டும், நான் மட்டும்தான் அளப்பேன் என்றேன்.

“என் எடையா?” என்றார். “என் புருஷனுக்கே தெரியாதே!” அப்புறம் ஒரு சிரிப்பு பாருங்கள், ஸ்பீக்கரே இல்லாமல் செ.து.வுக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

நல்ல மாவு வாங்க.

நவம்பர் 30, ஞாயிறு

லீவு நாள், ஆனாலும் எல்லோரும் டியூட்டி.

நேற்றே செ.து. சீட் வெல்டை வெட்டி எடுத்துவிட்டார். ஜ.பா. தானே தேரா போய்த் தள்ளும் ரெயில் வாங்கிவந்தார், பழைய கடைத் தெருவில் பேரம் பேசிய களிப்பு முகத்தில்.

பத்து மணிக்கு உம் ஹமத். ஆண்களை வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினோம். தராசில் ஏறச் சொன்னேன். ஷூவோடா, ஷூ இல்லாமலா? ஓட்டும்போது எப்படியோ அப்படியே. 53.4. “அபாயா ஒரு கிலோ,” என்றார். “இல்லைங்க, நானூறு கிராம்தான்.” இரண்டு பேரும் சிரித்தோம்.

டேப் பிடிக்கும்போது பேசினார். தமிழில் எழுதுகிறேன். வண்டி அவருடைய அப்பாவுடையது. மணலில் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். கல்யாணமாகி இரண்டு குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டும்போது ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல் வளைந்து மணல்மேட்டில் ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து சாவியை வாங்கிவிட்டார்கள். பொம்பளைக்கு இந்த வண்டி ஆகாது என்று தீர்ப்பு. “வண்டிதான் வளைந்தது, நான் வளைக்கவில்லை என்று சொன்னேன். யார் நம்பினார்கள்?” ரிட்டயர் ஆன அன்று கணவர் சொன்னாராம், அதைச் சரி செய்துவிடலாம், நீ ஓட்டு என்று.

அந்த மனுஷனைப் போய்த் தொப்பி மாட்டிய அரிசி மூட்டை ஆக்கிவிட்டோமே.

எனக்கு யோசனை வந்தது. மூட்டை எதற்கு? ஆளே இருக்கிறாரே. “இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியுமா?” “நாலு பிள்ளை பெற்றவள், முடியும்.” ஷட்டரை ஏற்றினோம், ஆட்கள் உள்ளே வந்தார்கள். உம் ஹமத் சீட்டில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கிளட்ச் எட்டுகிறது! செ.து.வும் கான் பாயும் வண்டிக்கடியில். வெட்கத்தில் இருவரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை, எல்லாமே என் வழியாகத்தான்.

“மேடம், அசையாம இருக்கச் சொல்லுங்க. நம்பரு ஓடுது.”

நான் ஹிந்தியில் சொல்ல, அவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள, “மூச்சு விடலாம்” என்று நான் பதற.

“இடது முன்னாடி கால் சுத்து இறக்குங்க. போதும். வலது பின்னாடி அரைக்கால். அண்ணே, அரைக்கால்னா அரைக்கால்.” ஜ.பா. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். எங்கே நிற்கிறேன், யார் பார்க்கிறார்கள், எதுவும் எனக்கு நினைவில்லை. 51.8. 50.9. 50.4.

50.0.

கத்தவில்லை. நோட்டில் இரண்டு தடவை எழுதினேன்.

டிசம்பர் 1, திங்கள்

லேசாகப் பனிமூட்டம், ஏழரைக்கு விலகிவிட்டது. அல் குத்ரா ரோடு.

ஓட்டியது உம் ஹமத். பக்கத்தில் நான், மடியில் நோட்டு. அபூ ஹமத் தன் எஸ்.யூ.வி.யில் எங்களுக்குப் பின்னால்.

60: சத்தமில்லை.
80: ஸ்டியரிங் நடுக்கமில்லை.
100: “விடட்டுமா?” என்றார். விடுங்கள் என்றேன். சொன்னது என் வாய்தானா?

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று வரை எண்ணினேன். கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. பிறகு கையை வைத்துக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெல்ட் தோளில் அழுந்தியது. கோட்டை விட்டு ஒரு அங்குலம் விலகாமல் நின்றது வண்டி.

அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். என்னுடையதும் சேர்த்து.

மறுபடி கியர் போட்டார். திரும்பி வர வேண்டிய யூ டர்ன் வந்தது. தாண்டிப் போனார். அடுத்ததும் வந்தது. அதையும் தாண்டினார். கண்ணாடியில் பார்த்தால் எஸ்.யூ.வி. பொட்டு மாதிரி.

ஜ.பா. போன். “எங்கம்மா போறீங்க? எதுவும் பிரச்சனையா?”

“பிரச்சனை இல்ல பாய். திரும்ப மாட்டேங்கிறாங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் மெதுவாக.

டிசம்பர் 3, புதன்

நேஷனல் டே லீவு. நேற்று ஜுமேரா ரோட்டில் கொடி கட்டிய வண்டிகள், காது கிழியும் ஹாரன். பச்சையும் போயிருக்கிறது, உம் ஹமத் வீடியோ அனுப்பியிருந்தார். நிலா அதைப் பதினான்கு முறை பார்த்து, “தட்ஸ் மை அம்மாஸ் கார்” என்று தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டது.

மதியம் செ.து. கராமாவில் யாரையோ பார்க்க வந்தவர், ஜ.பா. கொடுத்தனுப்பிய பையை வாசலில் கொடுத்துவிட்டு, காப்பி வேண்டாம் என்று ஓடிவிட்டார். உள்ளே கவர் ஆல். நீலம், வொர்க்ஷாப் ஆட்கள் போடுவது. மார்பில் என் பெயர் தையல் போட்டது, சுபா, அதற்குக் கீழே எஞ்சினியர்.

போட்டுப் பார்த்தேன். கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது, கால் தரையில் புரள்கிறது, உள்ளே இன்னொரு ஆளை விடலாம். டபுள் எக்ஸ்எல். யார் போடப் போகிறார்கள் என்று கேட்காமலே வாங்கியிருக்கிறார் மனுஷன்! இவரும் நிலாவும் சோபாவில் விழுந்து சிரிக்கிறார்கள். நானும்தான். கழற்ற மனமில்லாமல் அதோடேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாளை ஏழரைக்கு டியூட்டி, கீழே. கால் பக்கம் எட்டு விரல் மடித்துத் தைக்கணும், கையை ஐந்து. நூல் இருக்கிறது, ஊசியைத்தான் காணோம்.